முந்நூற்றெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு 'நீ'

ஹான்ஸ்பாஹ், மோஸல் கரை
செப்டம்பர் 17, புதன்கிழமை

பேரன்புக்குரிய அக்கா ரோஸ்வித்தாவுக்கு,

உன் தம்பி ஏவால்ட் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நீயும் டெட்லெஃப் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது படியேறுகிறதா? ப்ரேமனில் ஓயாத மழை என்று வானொலியில் சொன்னார்கள், சாளரங்களைச் சாத்தி வை. நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இடது முழங்கையில் கட்டும், உட்காரும் இடத்தில் எடுபடாத நாலைந்து முள்ளும், தலைக்குள் ஒரே குழப்பமுமாக இருப்பவன் அப்படி எழுதினால் அது பச்சைப் பொய். ஆகவே முக்கால் சௌக்கியம் என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். கிடைத்ததும் மற்ற வேலையை எல்லாம் போட்டுவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். எங்கள் நடைப்பயணச் சங்கத்தில் திருமதி ஹோல்ஸெம் என்று ஒருவர் இருக்கிறார். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மலையேற்றத்தில் என்னைவிடச் சுறுசுறுப்பு. ஆறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பள்ளத்தாக்கில் அவரும் நானும் மற்றவர்களும் கோட்டை கோட்டையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் வராத நாள் உண்டு. அவர் வராத நாள் கிடையாது, நானும் அப்படித்தான். ஆறு வருஷமும் நான் அவருக்கு 'திரு. டீட்ஸ், நீங்கள்'. அவர் எனக்கு 'திருமதி ஹோல்ஸெம், நீங்கள்'. இப்போது அவருடைய மகள் கீல் நகரத்தில் கடல் தெரிகிற மாதிரி, மின்தூக்கியோடு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். வருகிறேன், வரவில்லை என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் போய்விட்டால் என் சனிக்கிழமைகள் என்ன ஆகும் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. லோரே இறந்த இந்த ஒன்பது வருஷத்தில் நான் இப்படி யாரைப் பற்றியும் எழுதியதில்லை, ஆகவே சிரிக்காமல் படி.

போன சனிக்கிழமை திருமதி ஹோல்ஸெம் என்னை 'நீ' என்று சொல்லிவிட்டார். அல்லது சொல்லவில்லை. சொன்னாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்குப் பழைய கோட்டையிலிருந்து புதிய கோட்டைக்குப் போகிற பாதை. உனக்கு ஞாபகம் இருக்கும், பழைய கோட்டையில் கூரை இருக்கிறது, ஆப்பிள் கேக் கிடைக்கிறது. புதிய கோட்டை எழுநூறு வருஷத்துக்கு முன்னால் புதிதாக இருந்தது, இன்றைக்கு ஒரு கோபுரமும் மூன்று சுவரும் ஓர் அகழியும்தான் மிச்சம். ஒன்பது பேர் வருவதாக இருந்தது. கீழே ஒயின் திருவிழா ஆரம்பித்துவிட்டதால் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் ஜலதோஷம் வந்துவிட்டது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு சங்கத்தின் பெயரால் நடைப்பயணம் போகலாமா என்று நான் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதற்குள் திருமதி ஹோல்ஸெம் பாதி மேடு ஏறிவிட்டார். பாதையில் மரங்களுக்கு மஞ்சள் முக்கோணம் வரைந்து வைக்கும் பொறுப்பு என்னுடையது என்று உனக்குத் தெரியும், பதினோரு வருஷமாக அந்தப் பாதையின் குறிகளெல்லாம் என் கைவேலை. ஆகவே நான்தான் வழிகாட்டி. ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆற்றின் வளைவு தெரிகிற இடத்துக்கு அப்புறம் ஒரு பெரிய ஓக் மரம் இருக்க வேண்டும், ஏப்ரலில் ஏணி வைத்து ஏறி நான் குறி போட்ட மரம். மரத்தைக் காணோம். கொஞ்ச தூரம் தள்ளி, வனத்துறைக்காரர்கள் அதை வெட்டித் துண்டு போட்டுப் பாதையோரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே கிடந்த துண்டில் என் முக்கோணம் பளிச்சென்று இருந்தது, அதன் கூர்முனை இடது பக்கமாக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இடது பக்கம் திரும்பினேன்.

"இது நீங்க போட்ட குறிதானே?" என்று கேட்டார் திருமதி ஹோல்ஸெம்.

"நான் போட்டதுதான்."

"மரம் படுத்துக் கெடக்குதே."

"மரம் படுக்கலாம். குறி குறிதான்."

இப்போது யோசித்தால் அந்தப் பதிலில் ஏதோ கோளாறு இருப்பது தெரிகிறது. ஆனால் பதினோரு வருஷமாக ஊர் முழுக்க 'குறியை மீறாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்கு, தன் குறியைத் தானே மீறுவதற்கு எப்படி மனம் வரும்? அவர் மறுபேச்சு பேசாமல் கூட வந்தார், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. முட்புதர், ஓடை, மறுபடி முட்புதர், பிறகு மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. "எந்தக் கோட்டை அது?" என்றார். "புதிய கோட்டை" என்றேன். அரை மணி கழித்து இன்னொரு கோபுரம். "இது?" "புதிய கோட்டை, பின்பக்கம்." அதற்கும் அரை மணி கழித்து மூன்றாவதாக ஒரு கோபுரம் தெரிந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கோட்டைக்குப் பாதை இல்லாத பக்கமாக, அகழியின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் பெய்த தூறலில் சிலேட்டுக் கல்லெல்லாம் வழுவழுவென்று இருந்தது. "பாத்து வாங்க, வழுக்கும்" என்று அவருக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டே நான் வழுக்கினேன்.

அக்கா, இனிமேல் கவனமாகப் படி. நான் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். கீழே நாலு மீட்டர் ஆழத்தில் அகழி முழுக்கக் நாவல்பழம் போலக் கறுத்த காட்டுப்பழங்கள் காய்க்கிற முட்புதர். அவர் குப்புறப் படுத்து என் முதுகுப்பையின் வாரைப் பற்றிக்கொண்டார். பிறகு சொன்னார், ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை: "கெட்டியா பிடிச்சுக்கோ. விட்டுடாதே. உன்னை நான் இழுக்கறேன்." பிடிச்சுக்கோ, விட்டுடாதே, உன்னை. ஒரே மூச்சில் மூன்று. முதல் தடவை காதில் விழுந்தது பிரமை என்று நினைத்தேன், இரண்டாவதில் சந்தேகம் வந்தது, மூன்றாவதில் அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்படிப் பார்க்கிற மும்முரத்தில் பிடித்துக்கொண்டிருந்த வேரை மறந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் அகழியில் விழுந்ததற்கு இலக்கணம்தான் காரணம் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் நம்ப மாட்டார்கள், அதனால் மழை என்று எழுதச் சொன்னேன்.

"ஏன் விட்டே?" என்று மேலிருந்து கேட்டார். "பிடின்னுதானே சொன்னேன். எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா பாரு. அசையாம அங்கேயே இரு, நான் சுத்தி வரேன்." நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று முள்ளுக்குள் கிடந்தபடி நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வலிக்கவே இல்லை என்றால் நீ நம்ப வேண்டும். ஆனால் அவ்வளவு உபகாரம் செய்கிறவருக்கு மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கக் கூடாது அல்லவா, அதனால் கீழிருந்து உரக்க, "மிக்க நன்றி, திருமதி ஹோல்ஸெம். நீங்கள் அவசரப்பட வேண்டாம்" என்று சொன்னேன். அவர் சுற்றி இறங்கி வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. வந்ததும் கேட்டார்: "உங்களுக்கு அடி பலமா பட்டிருக்கா, திரு. டீட்ஸ்?" மேலே 'நீ', கீழே 'நீங்கள்'. அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடந்தது? நான் அங்கேயே அசையாமல் கிடந்தேன், என் பக்கம் எதுவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு என் பாடு பெரும்பாடாகிவிட்டது. கோபுரத்தடியில் உட்கார்ந்து அவர் அவித்த முட்டையை உரித்துக் கொடுத்து, "உங்களுக்கு உப்பு வேணுமா?" என்றார். இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? 'நீங்கள்' போட்டால், அவர் கொடுத்த 'நீ'யைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். 'நீ' போட்டால், அவர் கொடுக்காமலிருந்தால் என் மானம் போகும். ஆகவே அன்று மாலை வரை இரண்டும் வராதபடி பேசினேன். உப்பு இருந்தா நல்லது. கிளம்பலாமா? அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி, கழுத்துல துண்டு சுத்திக்கிட்டா தேவலை. குடிக்கத் தண்ணி இருக்குதா? இப்படியே இரண்டு மணி நேரம். கடைசியில் அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏன் சுவத்துகிட்ட பேசற மாதிரி பேசறீங்க? தலையில அடி பட்டுச்சா?"

"தலையில ஒண்ணும் இல்ல" என்றேன். "அடி வேற எடத்துல."

பேருந்து ஓட்டுநர் நம் பள்ளத்தாக்கு ஆள், பேராயர் ஏறினாலும் 'நீ' என்றுதான் சொல்வான். "ஏறு பெரியவரே, முள்ளோட சீட்டுல உக்காராதே, கிழிஞ்சிடும்" என்று என்னைச் சொன்னான். பிறகு அவரைப் பார்த்து, "உன் வீட்டுக்காரரா?" என்று கேட்டான். அவர், "இல்ல, எங்க சங்கத்துச் செயலாளர்" என்றார். அது உண்மைதான், ஆறு வருஷமாக நான்தான் செயலாளர். ஆனாலும் அக்கா, வழி நெடுக நின்றுகொண்டே வந்தபோது முள்ளைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிகமாகக் குத்தியது.

அன்று மாலையே எங்கள் தலைவர் ஹெரிபெர்ட் க்ரோன் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொல்லாமல், 'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு' இப்படி நேர்ந்தது என்று ஆரம்பித்தேன். "திருமதி ஹோல்ஸெமா?" என்றார் க்ரோன். எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "ஆபத்துல சொன்னதெல்லாம் கணக்குல வராதய்யா. தீ புடிச்சா தீயணைக்கிறவன்கூட நம்மள நீன்னுதான் கூப்பிடுவான். அதுக்காக மறுநாள் அவன்கூட காபி குடிக்கப் போவியா?" என்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, "பயந்தப்ப வந்ததுதான் நெஜம். மத்த நேரத்துல வர்றது பழக்கம்" என்றார். "நீ சும்மா இரு, உனக்கு விதி தெரியாது" என்றார் க்ரோன். "உனக்குப் பொம்பளைங்களைத் தெரியாது" என்றார் அந்த அம்மாள். அவர்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு 1978-இல் நடந்த வேறு ஏதோ ஒன்றைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்ததால் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். ஆல்ப்ஸ் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே சொல்லலாம், இறங்கினதும் பழையபடி 'நீங்கள்' ஆகிவிடும் என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? மேலே 'நீ', கீழே 'நீங்கள்' என்பதற்கு அது சரியாகப் பொருந்துகிறது என்று தோன்றியது. நான் நிலஅளவைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன், ஊகத்தை நம்ப மாட்டேன். திங்கட்கிழமை உயரமானியை எடுத்துக்கொண்டு முள்ளோடு முள்ளாக மறுபடியும் ஏறினேன். கோபுரத்தடி முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நான் வழுக்கின இடம் முந்நூற்றெட்டு. எப்படிக் கூட்டினாலும் ஆயிரம் வரவில்லை. அவர் தன் வீட்டுக் காபி இயந்திரத்தைத் திட்டும்போதும் 'நீ' என்றுதான் திட்டுவார், அதைச் சங்கத்தின் வருடாந்தரக் காபி விருந்தில் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படியானால் நான் எந்த வகையில் சேர்த்தி?

சரி, அவர் சொன்னது கணக்கில் வராது, நானே முறைப்படி முதலில் கேட்டுவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். 'நீ' சொல்லலாம் என்று முதலில் சொல்கிற உரிமை மூத்தவருக்கு உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நான் ஐந்து வாரம் மூத்தவன், அவர் பெண். யார் காத்திருக்க வேண்டும், யார் கேட்க வேண்டும்? இந்த விஷயத்தில் உனக்கு அனுபவம் உண்டு. அத்தானைப் பழகிய மூன்றாம் மாதமே நம் வீட்டு மேஜையில் வைத்து 'நீ' என்று சொல்லி, அம்மா ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தாளே. அப்போது நானும் உன்னைக் கேலி செய்தேன், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே என் கேள்வி இதுதான். வருகிற சனிக்கிழமை நடைப்பயணம் உண்டு. அவர் மகளுக்குப் பதில் சொல்வதற்கு முந்தின நாள் அது. நான் 'நீ' என்று சொல்லி, அவருடையது வெறும் ஆபத்துக்கால 'நீ' என்று ஆகிவிட்டால், வழிகாட்டத் தெரியாத, மரியாதையும் தெரியாத ஒரு கிழவன் என்ற நினைப்போடு அவர் கீலுக்குப் போய்விடுவார். நான் 'நீங்கள்' என்றே சொன்னால், எந்த நினைப்பும் இல்லாமல் போய்விடுவார். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போகக் கூடாது என்பது மட்டும்தான் தெரிகிறது. அதை எந்த மரியாதையில் சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், அவர் முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகச் சாப்பிட்டு நன்றாகப் படிக்கட்டும். உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதே. கடவுள் உங்கள் வீட்டில் எல்லாரையும் நல்லபடியாக வைக்கட்டும். வெள்ளிக்கிழமை நாள் முழுக்கத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், உட்கார முடியாவிட்டால் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தம்பி,
ஏவால்ட் டீட்ஸ்

பின்குறிப்பு, வியாழன் காலை: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். காலையில் அதை ஒட்டி, தபால் பெட்டியில் போடுவதற்காகக் கிளம்பினேன். பெட்டி ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடை வரிசையில் அவர் நின்றிருந்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. "சனிக்கிழமை மேலேருந்து சொன்னது, வாய் தவறி வந்ததா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வரிசையை விட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"வாய் தவறித்தான் வந்துச்சு. நாலு வருஷமா அடக்கி வெச்சிருந்தேன்ல?"

"அடக்குவானேன்?"

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க. அறுவடை முடிஞ்சு அதே கோபுரத்துக்கு அடியில, கையில ஒயின் கிளாஸைத் தூக்கிப் பிடிச்சு, 'நான் கெர்லிண்டே'ன்னு சொன்னேன். ஒரு பொம்பளை கிளாஸைத் தூக்கித் தன் பேரைச் சொன்னா, இனிமே நீன்னு கூப்பிடுன்னு அர்த்தம். இந்த ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. "தெரியும், உறுப்பினர் பட்டியல்ல இருபத்து மூணாவது பேர்" என்று சொன்னேன். கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது, இன்றைக்கே திருத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன். அன்றைக்கே திருத்தியும்விட்டேன்.

"வீட்டுக்குப் போய் அழுதேன்" என்றாள் கெர்லிண்டே. "போன வாரமாவது புத்தி வந்திருக்கும்னு பாத்தா, முள்ளுக்குள்ள கெடந்துகிட்டு, நீங்கள் அவசரப்பட வேண்டாம் திருமதி ஹோல்ஸெம்."

என்னிடம் கிளாஸ் இல்லை. கையிலிருந்த இந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "நான் ஏவால்ட்" என்றேன். அவள் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பட்டியல்ல என் பேரு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். கீல் விஷயம் காதில் விழுந்த அன்று, செயலாளர் என்ற முறையில் அதன் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்ற உண்மையையும் சொன்னேன்.

"அழிச்சிடு" என்றாள்.

"எதை?"

"கோட்டை."

"புதியதா, பழையதா?" என்று கேட்டேன்.

"அது தானாவே இடிஞ்சுதானேடா கெடக்கு. நீ போட்ட கோட்டைச் சொல்றேன். என் பேரு மேல போட்டியே, அதை. அழிச்சிட்டு, காபி குடிக்க வீட்டுக்கு வா. மகளுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு ஓடி வந்து அழித்துவிட்டேன், இப்போது அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். நாளைக்குத் தொலைபேசியில் கூப்பிடாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.